வீட்டு ஒலிப்பதிவுக்கு எந்தக் கணினி? வன்பொருள் பொருத்தம் குறித்த நிலைப்பாடுகள்: ஓர் ஆய்வு

வீட்டில் ஒலிப்பதிவு செய்ய எந்தக் கணினியை வாங்குவது, மைக்கையும் இசைக்கருவியையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ்களில் எது அதனுடன் ஒத்துப்போகும் என்ற கேள்விக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விடைகள் தரப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு விடையும் தன் காலத்துக் குறை ஒன்றைத் தீர்க்க வந்தது. குறை நீங்கிய பிறகும் விடை மட்டும் அறிவுரையாக நிலைத்துவிட்டது. ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் பரிந்துரைகள் இன்று ஒரே நேரத்தில் புழங்குவதற்கு இதுவே முக்கியக் காரணம். அந்த நிலைப்பாடுகள் எங்கிருந்து வந்தன, எதுவரை செல்லும், எங்கே தளர்கின்றன என்பதை இக்கட்டுரை வரிசையாக ஆராய்கிறது.

கேள்வி எப்போது பிறந்தது

வீட்டு ஒலிப்பதிவு கணினிக்கு முந்தையது. 1979-இல் டாஸ்கம் வெளியிட்ட போர்ட்டாஸ்டுடியோ 144, சாதாரண கேசட்டில் நான்கு டிராக்குகளைப் பதிவு செய்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ (1982) இசைத்தொகுப்பு இந்தக் கருவியில்தான் வீட்டிலேயே பதிவானது. மிக்ஸரும் பதிவுக் கருவியும் ஒரே பெட்டிக்குள் இருந்ததால் பொருத்தம் பற்றிய கவலை அப்போது எழவில்லை.

1983-இல் மிடி தரநிலை வந்தது. 1985-இல் வெளியான அட்டாரி எஸ்டி கணினியில் மிடி இணைப்புகள் உள்ளேயே அமைந்திருந்தன. ஆயினும் அந்தக் கணினி கையாண்டது ஒலியை அல்ல. எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக என்ற கட்டளைகளை மட்டுமே. இவை மிகச் சிறிய தரவுகள். எளிய கணினியே அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது.

கணினி ஒலியையே பதிவு செய்யத் தொடங்கியபோதுதான் கேள்வி முழு வடிவம் பெற்றது. டிஜிடிசைன் நிறுவனம் 1989-இல் மெக்கின்டோஷுக்காக சவுண்ட் டூல்ஸ் என்ற இரண்டு சேனல் அமைப்பையும், 1991-இல் நான்கு டிராக் கொண்ட புரோ டூல்ஸையும் வெளியிட்டது. நாளடைவில் மைக் ஒரு நிறுவனத்துடையது, இன்டர்ஃபேஸ் இன்னொன்றுடையது, கணினியும் இயங்குதளமும் மென்பொருளும் வேறு வேறு நிறுவனங்களுடையவை என்ற நிலை வந்தது. இவை ஒன்றாக வேலை செய்யும் என்று உறுதி சொல்லும் பொறுப்பு யாருடையது என்பதே கேள்வியின் மையம்.

பொருத்தம் என்பதன் இரு பொருள்கள்

பொருத்தம் என்ற சொல் இங்கே இரு வேறு நிலைகளைக் குறிக்கிறது. கருவியைச் செருகினால் கணினி அதை அடையாளம் காண்பது முதல் நிலை. ஒலியைத் தடையின்றி, குறித்த நேரத்துக்குள் கணினி கையாள்வது இரண்டாம் நிலை. முதல் நிலை இன்று பெரும்பாலும் எளிதாகக் கிடைக்கிறது. வாங்கியவர்கள் ஏமாற்றம் அடைவது இரண்டாம் நிலையில்தான்.

கணினி ஒலியைத் துளித்துளியாக அல்ல, பஃபர் எனப்படும் தொகுதிகளாகவே கையாளுகிறது. சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ், பஃபர் 128 சாம்பிள் என்றால் ஒரு தொகுதியின் நீளம் 2.67 மில்லி விநாடி. அதற்குள் அந்தத் தொகுதிக்கான கணக்கு முழுவதும் முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் ஒலியில் ‘டிக்’ என்ற வெடிப்போ இடைவெளியோ விழும். பஃபரை 1024 ஆக உயர்த்தினால் கணினிக்கு 21 மில்லி விநாடி அவகாசம் கிடைக்கிறது. ஆனால் பாடுபவருக்குத் தன் குரல் குறைந்தது அந்த அளவுக்குப் பிந்திக் கேட்கிறது. உள்ளே வர ஒரு பஃபர், வெளியே செல்ல ஒரு பஃபர், ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் கன்வெர்ட்டர்களின் நேரம், டிரைவர் தன் பாதுகாப்புக்காக வைத்துக்கொள்ளும் கூடுதல் இருப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே மொத்தத் தாமதம்.

எவ்வளவு தாமதத்தைப் பொறுக்க முடியும் என்பதற்கு ஒரே எண் இல்லை. ஒலி காற்றில் ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்கிறது. எனவே மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரைக் கேட்பவர் ஏற்கெனவே ஒன்பது மில்லி விநாடி தாமதத்தோடுதான் வாசிக்கிறார். மைக்கேல் லெஸ்டர், ஜான் போலி ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, பொறுதி அளவு இசைக்கருவிக்கு ஏற்பவும், கேட்பது காதுக்குள் வைக்கும் இயர்ஃபோனிலா ஸ்பீக்கரிலா என்பதற்கு ஏற்பவும் பெரிதும் மாறுவதைக் காட்டியது. கீபோர்டு வாசிப்பவர்கள் அதிகத் தாமதத்தைப் பொறுத்தனர். காதில் கருவி அணிந்து பாடியவர்கள் மிகச் சிறிய தாமதத்தையும் உணர்ந்தனர். பாடுபவரின் குரல் எலும்பு வழியாக உடனே காதை அடைகிறது. சற்றுப் பிந்தி வரும் குரல் அதனோடு கலந்து சில அலைவரிசைகளை அடித்துவிடுகிறது. பொருத்தம் பற்றிய எந்தப் பரிந்துரையும் யார், எதை, எப்படிக் கேட்டுப் பதிவு செய்கிறார் என்பதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதற்கு இது வலுவான சான்று.

முதல் நிலைப்பாடு: ஒரே நிறுவனத்தின் மூடிய அமைப்பு

காலத்தால் முந்தைய விடை, எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திடம் வாங்குவது. தொடக்க கால புரோ டூல்ஸ் தன் சொந்த டிஎஸ்பி (ஒலிக் கணக்கைச் செய்யும் தனிச் சில்லு) கார்டுகளில் ஒலியைக் கையாண்டது. கணினி திரையையும் வட்டையும் பார்த்துக்கொண்டால் போதும். கணினி எவ்வளவு திணறினாலும் தாமதம் மாறவில்லை. 2010-இல் வந்த ஒன்பதாம் பதிப்பு வரை அதை வெளியிட்ட நிறுவனம் அங்கீகரித்த வன்பொருள் இல்லாமல் புரோ டூல்ஸ் பொதுவாக இயங்கவில்லை. சோதிக்கப்பட்ட கணினி மாதிரிகளின் பட்டியலையும் நிறுவனமே வெளியிட்டது. ரோலண்ட் 1996-இல் வெளியிட்ட விஎஸ்-880 போன்ற தனி ஹார்டு டிஸ்க் பதிவுக் கருவிகள் இதே எண்ணத்தைக் கணினியே இல்லாமல் நிறைவேற்றின.

இதன் பலம் பொறுப்பு ஒரே இடத்தில் இருப்பது. பலவீனங்கள் இரண்டு. ஒன்று விலை. மற்றொன்று, கார்டு பொருந்தும் கணினித் துளை மாறிக்கொண்டே இருந்தது. நூபஸ், பிசிஐ, பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று ஒவ்வொரு மாற்றத்திலும் கார்டுகளையும் மாற்ற வேண்டி வந்தது. 2012-இல் யூனிவர்சல் ஆடியோ வெளியிட்ட அப்போலோ, டிஎஸ்பியை இன்டர்ஃபேஸுக்குள்ளேயே வைத்து இந்த எண்ணத்துக்குப் புத்துயிர் கொடுத்தது. ஆனால் அந்தச் சில்லுகளுக்கென்று எழுதப்பட்ட பிளக்இன்கள், அதாவது ஒலி விளைவுகளைத் தரும் துணை மென்பொருள்கள், மட்டுமே அங்கே ஓடும். பொருத்தத்தை மூடிய அமைப்பு உறுதிப்படுத்துகிறது. அதற்கு விலையாக வாங்குபவரின் தெரிவைச் சுருக்குகிறது.

இரண்டாம் நிலைப்பாடு: வேகமான கணினியே போதும்

1996-இல் ஸ்டெயின்பெர்க் வெளியிட்ட கியூபேஸ் விஎஸ்டி, எதிரொலி, ஈக்வலைசர் போன்ற விளைவுகளைக் கணினியின் செயலியிலேயே உருவாக்கியது. தனிக் கார்டு தேவையில்லை என்ற விடை இங்கே பிறந்தது. அதிலிருந்து வந்ததே, பணத்தை முதலில் செயலியில் போட வேண்டும் என்ற அறிவுரை.

பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இது சரியான அறிவுரையாகவே இருந்தது. இன்று அதன் எல்லைகள் தெரிகின்றன. ஒரு டிராக்கில் வரிசையாகப் போட்ட பிளக்இன்களில் ஒன்றின் முடிவு அடுத்ததற்குத் தேவை. எனவே அந்த வரிசையைப் பல கோர்களுக்குப் பகிர்ந்து கொடுக்க இயலாது. டிராக்குகளைப் பல கோர்களில் பரப்பலாம். ஆனால் பாரமான ஒரே வரிசையின் கதி ஒற்றைக் கோரின் வேகத்தைப் பொறுத்தது. கோர்களின் எண்ணிக்கை பெரிதாக அச்சிடப்பட்ட செயலி, குறைந்த பஃபரில் பாடலைப் பதிவு செய்யும்போது சிறப்பாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2021-இல் இன்டெல்லின் ஆல்டர் லேக் செயலிகளோடு வேகக் கோர், சிக்கனக் கோர் என்ற கலப்பு மேசைக் கணினிகளிலும் பரவியது. எந்த வேலை எந்தக் கோருக்குச் செல்கிறது என்பதை இயங்குதளமும் மென்பொருளும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இது இன்னும் ஒரே சீராக அமையவில்லை.

சேமிப்பகம் பற்றிய பழைய அச்சமும் இதைச் சேர்ந்ததே. ஒரு மோனோ டிராக் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் விநாடிக்கு 144,000 பைட் எடுக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 518 மெகாபைட். 24 டிராக்குகள் சேர்ந்தாலும் விநாடிக்கு 3.5 மெகாபைட்தான். பழைய சுழல் வட்டுக்கே இது பெரிய சுமையல்ல. எஸ்எஸ்டி உண்மையில் தேவைப்படுவது மாதிரி ஒலி நூலகங்களுக்கு. 1998-இல் வந்த கிகாசாம்ப்ளர் தொடங்கிவைத்த முறைப்படி, இவை ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு மீதியை வட்டிலிருந்து உடனுக்குடன் எடுக்கின்றன. ரேம் தேவையும் இதைப் பொறுத்ததே. குரலும் சில கருவிகளும் பதிவு செய்ய 16 ஜிபி தாராளம். முழு ஆர்க்கெஸ்ட்ரா நூலகங்களை ஏற்றுபவருக்கு 32 அல்லது 64 ஜிபி வேண்டியிருக்கும். ஆப்பிளின் எம் வகைக் கணினிகளில் ரேமைப் பின்னர் கூட்ட முடியாது என்பதால் வாங்கும்போதே இதை முடிவு செய்ய வேண்டும்.

இந்த நிலைப்பாட்டின் ஆழமான குறை வேறு. கணினிகளை ஒப்பிடும் சோதனைகள் சராசரி வேகத்தை அளக்கின்றன. ஒலிப்பதிவோ மிக மோசமான ஒரு கணத்தைப் பொறுத்தது. வைஃபை கார்டு, கிராஃபிக்ஸ் கார்டு, பேட்டரி நிர்வாகம் ஆகியவற்றின் டிரைவர்களில் ஒன்று செயலியைச் சில மில்லி விநாடி பிடித்து வைத்துக்கொண்டால், எவ்வளவு வேகமான கணினியிலும் ஒலி அறுபடும். விண்டோஸில் லேட்டன்சிமான் போன்ற கருவிகள் இதை அளக்கின்றன. விலை உயர்ந்த கேமிங் மடிக்கணினி இதில் தோற்பதும், எளிய மேசைக் கணினி தேறுவதும் நடக்கக் கூடியதே.

வேகத்தோடு விசிறிச் சத்தமும் வருகிறது. மைக் இருக்கும் அறையிலேயே கணினியும் இருக்கும் வீடுகளில் இது பொருத்தத்தின் ஒரு பகுதி. வீணையின் மீட்டு மெல்ல அடங்கும் இடத்தில் விசிறியின் இரைச்சல் பதிவானால், அதைப் பிறகு முழுமையாக நீக்குவது கடினம். எம்1 முதலான மேக்புக் ஏர் மாதிரிகளில் விசிறியே இல்லை. ஆனால் நீண்ட நேரப் பாரத்தில் அவை சூட்டினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மூன்றாம் நிலைப்பாடு: டிரைவரே அடித்தளம்

ஸ்டெயின்பெர்க் 1997-இல் வெளியிட்ட ஏசியோ என்ற டிரைவர் முறை, விண்டோஸின் ஒலி அடுக்குகளைத் தாண்டி மென்பொருளை இன்டர்ஃபேஸோடு நேரடியாகப் பேச வைத்தது. பழைய எம்எம்இ வழியில் நூறு மில்லி விநாடிக்கு மேலும் செல்லக்கூடிய தாமதம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. அன்று முதல் அனுபவமுள்ள பதிவாளர்கள் பலரின் விடை, ‘முதலில் டிரைவரைப் பார்’ என்பதே.

மேக்கில் கோர் ஆடியோ இயங்குதளத்தின் உறுப்பாகவே அமைந்ததால் இந்தக் கேள்வி அங்கே அவ்வளவு கூர்மையாக எழவில்லை. விண்டோஸில் விஸ்டாவோடு வாசாபி வந்தது. இருந்தும் இசை மென்பொருள்களின் முதல் தெரிவாக ஏசியோ நீடித்தது. சொந்த ஏசியோ டிரைவர் இல்லாத கருவிகளுக்கு ஏசியோ4ஆல் என்ற இலவச மென்பொருள் ஓர் ஏற்பாடு. அது விண்டோஸின் கீழ் அடுக்கோடு பேசும் பாலம். கருவிக்கென்று எழுதிய டிரைவருக்கு நிகரல்ல. லினக்ஸில் ஆல்சாவின் மேல் ஜாக், அதன் பின் பைப்வயர் என்று வழிகள் மேம்பட்டுள்ளன. நேரக்கெடு தவறாமைக்கான நிகழ்நேரத் திருத்தங்கள் 2024-இல் லினக்ஸ் மையக் கருவின் 6.12 பதிப்பில் சேர்ந்தன.

பல இன்டர்ஃபேஸ் நிறுவனங்கள் டிரைவரைத் தாமே எழுதுவதில்லை. ஜெர்மனியின் தெசிகான் போன்ற நிறுவனங்களிடமிருந்து உரிமம் பெற்று வழங்குகின்றன. அதே நாட்டின் ஆர்எம்இ, யூஎஸ்பி கட்டுப்பாட்டையே தன் எஃப்பிஜிஏ சில்லுகளில் வடிவமைத்து டிரைவரையும் தானே எழுதுகிறது. ஒரே கணினியில், ஒரே பஃபர் அமைப்பில் இரு இன்டர்ஃபேஸ்களின் மொத்தத் தாமதம் வேறுபடுவதற்கு இத்தகைய வேறுபாடுகளே காரணம். பஃபர் எண்ணை மட்டும் ஒப்பிடுவது ஏமாற்றக் கூடியது. வெளியீட்டை உள்ளீட்டோடு கேபிளால் இணைத்து அளந்த தாமதமே நம்பத் தக்கது.

டிரைவரின் ஆயுள் அதை எழுதியவரின் கையில் இருப்பது இந்த நிலைப்பாட்டின் பலவீனம். அதற்கு மாற்றாக முன்வைக்கப்படுவது பொதுத் தரநிலை. யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2 தரநிலை 2006-இல் வந்தது. அதைப் பின்பற்றும் இன்டர்ஃபேஸ் தனி டிரைவர் இல்லாமலே மேக், லினக்ஸ், ஐபேட் ஆகியவற்றில் இயங்கும். விண்டோஸ் இதற்கான உள்ளமைந்த டிரைவரை 2017-இல்தான் சேர்த்தது. பொது டிரைவர் நீண்ட ஆயுளைத் தருகிறது. மிகக் குறைந்த தாமதத்தை எப்போதும் தருவதில்லை. இரண்டையும் தரும் இன்டர்ஃபேஸ், அதாவது தன் டிரைவரும் பொதுத் தரநிலையும் உள்ளது, இப்போதைக்குப் பாதுகாப்பான தெரிவாகத் தோன்றுகிறது.

நான்காம் நிலைப்பாடு: இணைப்பு வழியே முக்கியம்

2000-களில் விவாதம் ஃபயர்வயரா யூஎஸ்பியா என்பதைச் சுற்றி நடந்தது. தொடக்க கால யூஎஸ்பியின் வேகம் விநாடிக்கு 12 மெகாபிட்; ஃபயர்வயருடையது 400 மெகாபிட். பல சேனல் பதிவுக்கு ஃபயர்வயரே வழி என்பது அன்று நியாயமான விடை. ஆனால் கணினியிலுள்ள ஃபயர்வயர் சில்லு எந்த நிறுவனத்துடையது என்பதைப் பொறுத்துப் பதிவு அறுபட்டது. டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் சில்லு உள்ள கணினியையே வாங்கும்படி பல இன்டர்ஃபேஸ் நிறுவனங்கள் பரிந்துரைத்தன. விளம்பரத்தில் இடம்பெறாத ஒரு சிறு உறுப்பு முழு அமைப்பையும் தீர்மானித்தது.

2000-இல் வந்த யூஎஸ்பி 2.0 வேகத்தை 480 மெகாபிட்டாக உயர்த்தியது. எட்டு சேனல்களுக்கு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் தேவைப்படுவது 9.2 மெகாபிட் மட்டுமே. ஆகவே யூஎஸ்பி 3, தண்டர்போல்ட் ஆகியவற்றின் அலைவரிசை அகலம் வீட்டுப் பதிவுக்குத் தாமாக எந்த ஆதாயமும் தருவதில்லை. தண்டர்போல்ட்டின் பயன் அகலத்தில் இல்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக நினைவகத்தை நேரடியாக அணுகுவதிலும், நிறைய சேனல்களைக் குறைந்த தாமதத்தில் கையாள்வதிலும்தான் அது உள்ளது. இரண்டு அல்லது எட்டு சேனல் பதிவாளருக்கு நல்ல டிரைவரோடு கூடிய யூஎஸ்பி 2.0 இன்டர்ஃபேஸ் போதும்.

இணைப்பில் இன்றும் எஞ்சும் சிக்கல் வேகத்தைப் பற்றியதல்ல. 2018-இல் வெளியான, டி2 சில்லு உள்ள மேக் கணினிகளில் யூஎஸ்பி ஒலி அறுபடும் குறை இருந்தது. அடுத்த ஆண்டு இயங்குதளப் புதுப்பிப்பில் ஆப்பிள் அதைச் சீர்செய்தது. 2021-இல் ஏஎம்டி தன் 500 வரிசைச் சில்லுத் தொகுதிகளில் யூஎஸ்பி இணைப்பு விட்டு விட்டு அறுவதை ஒப்புக்கொண்டு, மதர்போர்டு பயாஸ் திருத்தம் வழங்கியது. எந்த முகாமும் குறையற்றதல்ல. புத்தம் புதிய மாதிரியைத் தவிர்த்து, சில மாதங்கள் புழங்கிய மாதிரியை வாங்குவது நல்லது என்ற அறிவுரைக்கு இவை நியாயம் சேர்க்கின்றன.

ஐந்தாம் நிலைப்பாடு: தாமதத்தைச் சுற்றிச் செல்லுதல்

பாடுபவரின் குரலைக் கணினிக்குள் அனுப்பித் திருப்பாமல், இன்டர்ஃபேஸுக்குள்ளிருந்தே ஹெட்ஃபோனுக்குத் தருவது டைரக்ட் மானிட்டரிங். இவ்வாறு செய்தால் பஃபர் 1024 ஆக இருந்தாலும் பாடுபவருக்குத் தெரியாது. பழைய கணினியும் நம்பகமான பதிவுக் கருவியாகிவிடும். குறைந்த செலவில் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல விடை இல்லை.

ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. மிடி கீபோர்டால் மென்பொருள் இசைக்கருவியை வாசிப்பவருக்கும், கிட்டார் ஆம்ப்ளிஃபையர் ஒலியை மென்பொருளில் உருவாக்குபவருக்கும் கணினி தரும் ஒலியே கேட்க வேண்டிய ஒலி. அவர்களுக்குத் தாமதத்தைச் சுற்றிச் செல்ல வழியில்லை. முந்தைய நிலைப்பாடுகள் முழு எடையுடன் திரும்ப வருவது இங்கேதான்.

கவனம் குறைந்த பகுதி: மைக் முதல் மின்சாரம் வரை

கணினியைப் பற்றிய விவாதங்கள் பெருகிய அளவுக்கு இன்டர்ஃபேஸின் உள்ளீட்டுப் பக்கம் பேசப்படவில்லை. பொருத்தமின்மை முதலில் காதில் விழுவது அங்கேதான்.

ஷூர் எஸ்எம்7பி போன்ற டைனமிக் மைக்குகளின் வெளியீடு மிகக் குறைவு. அதற்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் தேவை என்று அந்த நிறுவனமே பரிந்துரைக்கிறது. பழைய மலிவு இன்டர்ஃபேஸ்கள் பலவற்றின் ப்ரீஆம்ப் அந்த அளவை எட்டாது. கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் பேன்டம் பவர் வேண்டும். தரநிலைப்படி ஒரு மைக் 10 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம். அதாவது ஏறத்தாழ அரை வாட். யூஎஸ்பி 2.0 தருவது மொத்தம் 2.5 வாட். அதற்குள் கன்வெர்ட்டர், ஹெட்ஃபோன், இரண்டு மைக்குகள் அனைத்தும் ஓட வேண்டும். மின்சாரத்தைத் தனியே எடுக்காத பலகிளை யூஎஸ்பி ஹப்பில் இன்டர்ஃபேஸை மாட்டுவது பல கோளாறுகளுக்குக் காரணம்.

வீணை, வயலின் போன்றவற்றில் ஒட்டும் பியசோ பிக்கப்புக்கு மிக உயர்ந்த மின்மறுப்பு உள்ளீடு தேவை. அதைச் சில கிலோ ஓம் மட்டுமே உள்ள மைக் உள்ளீட்டில் இணைத்தால் தாழ்ந்த அலைவரிசைகள் மெலிந்து தகர ஒலியாகிவிடும். ஒரு மெகா ஓம் அளவுள்ள இசைக்கருவி உள்ளீடே ஏற்றது.

சேனல் எண்ணிக்கையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியது. ஒருவரே ஒவ்வொரு டிராக்காகப் பதிவு செய்தால் இரண்டு உள்ளீடு போதும். குரல், வயலின், மிருதங்கத்தின் இரு பக்கங்கள், கடம், தம்புரா என ஒரு சிறு கச்சேரியை ஒரே நேரத்தில் தனித்தனியாகப் பதிவு செய்ய ஆறு உள்ளீடுகள் வேண்டும். இரண்டு சிறிய இன்டர்ஃபேஸ்களை இணைத்துச் சமாளிப்பது விண்டோஸில் எளிதல்ல. ஏசியோ மென்பொருள்கள் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு டிரைவரையே ஏற்கும். மேக்கில் இணைக்க இயலும். ஆனால் இரு கருவிகளின் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். பின்னர் விரிவாக்க நினைப்பவர் ஏடாட் ஒளியிழை உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸை வாங்குவது நல்லது. அது 48 கிலோஹெர்ட்ஸில் எட்டுச் சேனல்களும், 96-இல் நான்கும் கூடுதலாகத் தரும்.

இந்திய, இலங்கை வீடுகளில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத பிளக்கிலிருந்தும், கணினிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே உருவாகும் எர்த் சுற்றிலிருந்தும் அந்த அலைவரிசையிலும் அதன் மடங்குகளிலும் இரைச்சல் வரும். மின்தடையின்போது சதுர அலை தரும் மலிவு இன்வெர்ட்டரில் இது கூடும். பேலன்ஸ்டு கேபிளும், சரியான எர்த்தும், சைன் அலை இன்வெர்ட்டரும் இதற்கான விடைகள். கணினியை மாற்றுவதால் இது தீராது.

சாம்பிள் ரேட் விவாதம்

192 கிலோஹெர்ட்ஸ் வசதி இன்டர்ஃபேஸ் பெட்டிகளில் பெரிய எழுத்தில் அச்சாகிறது. அதன் தேவை பற்றிய ஆய்வுகள் ஒருமித்தவை அல்ல. 2007-இல் மேயர், மோரன் இருவரும் நடத்திய சோதனையில், உயர் தெளிவு ஒலியையும் அதை சிடி தரத்துக்கு இறக்கிய வடிவத்தையும் கேட்பவர்களால் பிரித்தறிய முடியவில்லை. 2016-இல் ஜோஷுவா ரைஸ் பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து, சிறியதாயினும் புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இருப்பதாக முடிவு செய்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வேறுபாடு இருந்தாலும் மிக நுண்ணியது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. செலவோ திட்டவட்டமானது: 48-இலிருந்து 192-க்குச் சென்றால் சேமிப்பும் கணக்குச் சுமையும் நான்கு மடங்கு. மாறாக, 16 பிட்டிலிருந்து 24 பிட்டுக்குச் செல்வதன் பயனில் ஐயமில்லை. உச்ச அளவுக்குக் கீழே தாராளமாக இடம் விட்டுப் பதிவு செய்தாலும் இரைச்சல் மேலே வராது.

காலம் என்ற தீராத சிக்கல்

இன்று பொருந்துவது நாளையும் பொருந்தும் என்பதற்கு எந்த நிலைப்பாட்டாலும் உறுதி தர முடியவில்லை. 2019-இல் மேக்ஓஎஸ் கேட்டலினா 32 பிட் மென்பொருள்களைக் கைவிட்டது. 2020 நவம்பரில் எம்1 சில்லு வந்ததும் பிளக்இன்கள் அதற்கேற்ப மாற்றப்பட வேண்டியிருந்தன. பழையவற்றை ஓட்டும் ரொசெட்டா 2 தற்காலிகப் பாலமே. 2025-இல் மேக்ஓஎஸ் டஹோ ஃபயர்வயர் ஆதரவை நீக்கியது. நல்ல நிலையில் ஒலிக்கும் இன்டர்ஃபேஸ்கள் புதிய மேக்குகளுக்கு அந்நியமாயின. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பல பழைய கணினிகள் விண்டோஸ் 11-இன் தேவைகளை நிறைவு செய்வதில்லை. ஆர்ம் செயலி உள்ள விண்டோஸ் கணினிகளில் பழைய மென்பொருளைப் போலச்செய்து ஓட்டலாம். டிரைவரை அப்படி ஓட்ட முடியாது. அது அந்தச் செயலிக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இதற்குப் பதிலாக எழுந்ததே, நன்கு இயங்கும் அமைப்பைப் புதுப்பிக்காமல் உறையவைப்பது என்ற நடைமுறை. பதிவுக்கு மட்டும் பயன்படும் கணினியில் இது நன்றாகவே செயல்படுகிறது. இணையத்தோடு இணைந்து வீட்டார் அனைவரும் பயன்படுத்தும் கணினியில் பாதுகாப்புத் திருத்தங்களைத் தவிர்ப்பது ஆபத்து. ஒரே கணினி உள்ள வீட்டில் இந்த முரண் தீராமலே இருக்கிறது.

மதிப்பீடு

ஐந்து நிலைப்பாடுகளில் எதுவும் முழுத் தவறல்ல. எதுவும் தனியாகப் போதாது. மூடிய அமைப்பு உறுதி தருகிறது, தெரிவைச் சுருக்குகிறது. வேகம் உதவுகிறது, ஆனால் நேரந்தவறாமைக்கு ஈடாகாது. இணைப்பு வழி பற்றிய பழைய வாதம் சிறிய அமைப்புகளைப் பொறுத்தவரை முடிந்துபோன ஒன்று. டைரக்ட் மானிட்டரிங் பாடுபவருக்கு விடை, மென்பொருள் கருவி வாசிப்பவருக்கு அல்ல. டிரைவரை முதன்மையாகக் கொள்ளும் நிலைப்பாடே கிடைக்கும் சான்றுகளோடு மிகுதியாகப் பொருந்துகிறது. பொருத்தம் எந்தத் தனிப் பொருளின் பண்பும் அல்ல. இன்டர்ஃபேஸ், டிரைவர், இயங்குதளம், மென்பொருள் என்ற சங்கிலி முழுவதன் பண்பு. அந்தச் சங்கிலியின் நடு வளையம் டிரைவர்தான்.

இதிலிருந்து தெரிவின் வரிசை பிறக்கிறது. எதைப் பதிவு செய்வது, எத்தனை உள்ளீடு, எப்படிக் கேட்பது என்பது முதலில். அதற்கேற்ற ப்ரீஆம்பும் நீண்ட கால டிரைவர் ஆதரவும் உள்ள இன்டர்ஃபேஸ் அடுத்து. அந்த இன்டர்ஃபேஸும் இசை மென்பொருளும் ஏற்கும் இயங்குதளப் பதிப்பு மூன்றாவது. கணினியின் வேகமும் ரேமும் கடைசியில். நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்; கணினியை வாங்கிய பிறகே இன்டர்ஃபேஸைத் தேடுகிறார்கள்.

கலப்புக் கோர்களை இசை மென்பொருள்கள் எவ்வளவு சீராகப் பயன்படுத்தும், விண்டோஸ் ஆர்ம் கணினிகளுக்கு டிரைவர்கள் எவ்வளவு விரைவில் பெருகும், பொதுத் தரநிலை டிரைவர் தனி டிரைவரின் தாமதத்தை எட்டுமா ஆகியவை இன்னும் திறந்த கேள்விகள். அவை தீரும்வரை வாங்குபவர் செய்யக் கூடியது ஒன்றுண்டு. திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் வாங்கி, தன் கணினியில், தன் மென்பொருளோடு, தான் பயன்படுத்தப் போகும் பஃபரில் ஒரு மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்து பார்க்க வேண்டும். பட்டியல்களும் பரிந்துரைகளும் தராத உறுதியை அந்தச் சோதனை தரும்.